மூலை உடைந்த ஸ்லைடு

குமிழி என்ற பெயர் அவளுக்குப் பதினாறு வயதில் ஒட்டியது. இப்போது ஐம்பதை எட்டிப் பார்க்கிறாள். ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தின் பின்னறையில், ஜன்னலோர மேசையில், நாளெல்லாம் நுண்ணோக்கிக்குள் குனிந்து உட்கார்ந்திருப்பதுதான் வேலை. முன்னறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊசிக்குக் கை நீட்டுகிறவர்களுக்கு இப்படி ஒருத்தி உள்ளே இருப்பதே தெரியாது. பள்ளித் தோழி நெட்டை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்க வருவாள். வந்தவள் சும்மா போகமாட்டாள். "எங்கே எங்க குமிழி?" என்று வரவேற்பு மேசையிலேயே உரக்கக் கேட்டு, அங்கே வேலை பார்க்கும் சின்னப் பெண்கள் முன்னால் அவள் மானத்தை வாங்கிவிட்டுத்தான் போவாள். அன்று முழுக்கக் குமிழிக்குப் பழைய பள்ளி ஆய்வகத்தின் வாசனை மூக்கிலேயே நிற்கும். ஃபார்மலினும் ஈர மரமும் பென்சில் சீவிய தூளும் கலந்த வாசனை.

அது ஆய்வகம் என்று பெயர்தான். உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த நீளமான அறை. ஒரு மூலையில் ஜாடிக்குள் வெளுத்துப்போன பாம்பு, சுவரில் குடல் கிழிந்த மனித உடல் படம், அலமாரியில் சாவி தொலைந்த பூட்டு. இவ்வளவுக்கும் நடுவில், ராஜா மாதிரி, துணி போர்த்திய ஒரே ஒரு நுண்ணோக்கி. அதற்கு விளக்கு கிடையாது. அடியில் இருக்கும் வட்டக் கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பி, வெயிலைப் பிடித்து உள்ளே அனுப்ப வேண்டும். வானம் மூடினால் அன்றைக்கு உயிரியலும் மூடிவிடும்.

வகுப்பில் முப்பத்தொரு பெண்கள். செய்முறை வகுப்பு நாற்பது நிமிடம். வரிசை கட்டி, ஸ்லைடைச் சரிசெய்து, கண்ணாடியைத் திருப்பி முடித்தால் ஒருத்திக்கு முக்கால் நிமிடம் வரும். அதற்குள் பின்னால் நிற்பவள் இடுப்பில் இடிப்பாள். அந்த முக்கால் நிமிடத்தில்தான் அவள் வெங்காயத் தோலில் அதைக் கண்டாள். அச்சு வைத்தாற்போன்ற வட்டம், கன்னங்கரேலென்ற தடித்த விளிம்பு, நடுவில் பளிச்சென்ற ஒளி. இவ்வளவு அழகான பொருள் செல்லின் உட்கருவாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, இரண்டு நாள் பாடுபட்டுப் புள்ளி புள்ளியாக நிழல் வைத்து வரைந்து, அம்புக்குறி போட்டு 'உட்கரு' என்று எழுதிக் கொடுத்தாள்.

உயிரியல் டீச்சர் நோட்டை உயர்த்திப் பிடித்து வகுப்புக்கே காட்டினார். "இது உட்கரு இல்லம்மா. காத்துக்குமிழி. கண்ணாடிக்கு அடியில மாட்டிக்கிட்ட காத்தை இவ்வளவு அழகா இதுவரைக்கும் யாரும் வரைஞ்சதில்லை."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. பெயரும் அன்றே வைத்தாகிவிட்டது. கூடவே ஒரு தண்டனையும் வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் பள்ளி விட்ட பிறகு ஸ்லைடுகளையும் மூடு கண்ணாடிகளையும் அவள்தான் கழுவித் துடைத்து வைக்க வேண்டும். டீச்சருக்கு வேறொரு பள்ளியிலும் வகுப்பு இருந்தது. சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு ஓடிவிடுவார். கழுவுவதற்குப் பத்து நிமிடம் போதும். வாயில்காரர் மணியடித்து விரட்டும்வரை இருபது நிமிடம் மிச்சம். மேற்கு ஜன்னலில் வெயில் சாய்ந்து நேராகக் கண்ணாடியில் விழும். அந்த இருபது நிமிடமும் நுண்ணோக்கி அவளுடையது. இரண்டு வருடம் அந்தத் தண்டனையை ரத்து செய்ய யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அவளும் ஞாபகப்படுத்தவில்லை.

மற்ற முப்பது பேரும் வேறு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அவர்கள் கண்டுபிடித்ததுகூட இல்லை, மூத்த வகுப்புப் பெண்கள் ரெக்கார்டு நோட்டோடு சேர்த்துக் கைமாற்றிக் கொடுத்தது. பெட்டியில் இருந்த ஸ்லைடுகளின் பெயர்ச்சீட்டுகள் எப்போதோ மங்கி உதிர்ந்துவிட்டன. அதனால் அடையாளம் வேறு. ஓரத்தில் சிவப்பு மை பட்டது வேர். குறுக்கே விரிசல் விட்டது இலை. மூலை உடைந்தது இருவித்திலைத் தண்டு. நெட்டை இதை வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டுச் சொல்வாள். வகுப்பின் முதல் மாணவி, எதைக் கேட்டாலும் பக்க எண்ணோடு பதில் சொல்வதால் அகராதி என்று பெயர் வாங்கியவள், அவளுக்கும் அந்த வாய்ப்பாடு அத்துப்படி. உள்ளே இருப்பதைப் பார்க்க நேரம் கொடுக்காமல், பெயரை மட்டும் கேட்டு மதிப்பெண் போட்டால், பிள்ளைகள் கண்ணாடியின் உடைசலைத்தான் படிப்பார்கள். அது சோம்பேறித்தனம் என்று திட்டுகிறவர்கள் அந்த வரிசையில் ஒரு தரம் நின்று பார்க்கட்டும்.

இன்னொரு பாடமும் அப்படித்தான் போயிற்று. மனித இனப்பெருக்கம். டீச்சர் தலைப்பைக் கரும்பலகையில் எழுதினார், ஜன்னலைப் பார்த்தார், "இதை எல்லாரும் வீட்ல படிச்சுக்கோங்க" என்று சொல்லி அழித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். புத்தகம் முழுக்கத் தவளைக்கும் பெரணிக்கும் என்ன நடக்கிறது என்று விலாவாரியாகக் கேட்டு எழுத வைத்தவர்களுக்கு, எதிரே உட்கார்ந்திருந்த முப்பத்தொரு பெண்களுக்கு என்ன நடக்கும் என்று சொல்ல வாய் வரவில்லை. குமிழி வீட்டில் படித்தாள். சொன்னபடி கேட்கிற பிள்ளை.

அந்த நேரம் பார்த்து அக்கா பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். பிறந்தது இரண்டாவது பெண். அக்கா புருஷன் குழந்தையைப் பார்க்க வந்தவர், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, தேநீரை ஊதி ஊதிக் குடித்தபடி, தன் அம்மா சொன்னதாக ஒரு சேதி சொன்னார். இவளுக்குப் பெண்ணாகப் பெறுகிற உடம்பு, என்ன செய்வது என்று. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா ஏதோ சமாதானம் சொல்லப் போனாள். ஒர்க்‌ஷாப்பிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அப்பா, கிரீஸ் படிந்த கையைத் துடைத்தபடி வாசலில் நின்றார்.

குமிழி புத்தகத்தை எடுத்து வந்து விரித்தாள். "மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க. அம்மாகிட்ட இருக்கறது எக்ஸ், எக்ஸ். அப்பாகிட்ட இருக்கறது எக்ஸ், ஒய். அக்காவால எக்ஸை மட்டும்தான் குடுக்க முடியும். பையனா பொண்ணாங்கறது உங்ககிட்ட இருந்து வர்றதுதான். ரெண்டு தடவையும் நீங்கதான் எக்ஸ் குடுத்திருக்கீங்க. குறை சொல்லணும்னா உங்க அம்மாவை உங்களைச் சொல்லச் சொல்லுங்க. ஆனா குறை சொல்ல வேண்டியதே இல்லை, ரெண்டு குழந்தையும் நல்லாத்தான் இருக்கு."

தேநீர் ஆறிப்போனது. மாமா எழுந்து நின்று, வயசுப் பெண்ணுக்கு இந்தப் படிப்பு எதற்கு, தேர்வு முடிந்ததும் நிறுத்திவிடுங்கள் என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா எதற்கும் உடனே பதில் சொல்கிறவர் இல்லை. கையைத் துடைத்து முடித்தார்.

"அவ சொன்னது தப்பா இருந்தா நிறுத்திடலாம் மாப்பிள்ளை. சரியா இருந்தா என்ன பண்றது?"

மருமகனுக்கு முன்னால் அப்படிச் சொன்னாலும், அவர் போன பிறகு அப்பா அவளைக் கூப்பிட்டு ஒரு நிபந்தனை போட்டார். பரிசோதனைக்கூடப் பயிற்சி வகுப்பு ஒன்று இருந்தது. உயிரியல் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துச் சேர்ப்பார்கள். இடம் குறைவு. முதல் தடவையே இடம் கிடைத்தால் படிக்கலாம். கிடைக்கவில்லை என்றால் எல்லாரிடமும் அவரால் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க முடியாது. அவள் சரி என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு மதிப்பெண்ணும் அவளுக்கு உயிர்.

நெட்டைக்கும் உயிர்தான், வேறு கணக்கில். எழுத்துத் தேர்வில் தேறுவோம் என்று அவளுக்கே நம்பிக்கை இல்லை. செய்முறையில் முழுதாக வாங்கினால்தான் இரண்டையும் கூட்டிக் கரையேற முடியும். "நீ மேலே போறதுக்குப் படிக்கிற, நான் முழுகாம இருக்கப் படிக்கிறேன்" என்பாள்.

செய்முறைத் தேர்வு நாள் வந்தது. வேறு பள்ளியிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். நரைத்த மீசை, சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனா. பத்து மேசைகளில் பத்துப் பொருள்கள். ஒவ்வொன்றிலும் மூன்று நிமிடம் நின்று, பெயரும் காரணமும் எழுதி, மணியடித்தால் நகர வேண்டும். ஐந்தாவது மேசையில் நுண்ணோக்கி. அதன் மேடையில் ஸ்லைடு. மூலை உடைந்தது.

குமிழி குனிந்து பார்த்தாள். இருவித்திலைத் தண்டு என்றால் சாறு கடத்தும் கற்றைகள் ஓரமாக வளையம் கட்டி நிற்கும். வட்ட மேசையைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்த மாதிரி. இதில் வளையமே இல்லை. கற்றைகள் திசைக்கொன்றாய்ச் சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு பெரிய ஓட்டைக் கண், கீழே ஒரு வாய். குட்டிக் குட்டிக் குரங்கு முகங்கள். ஒருவித்திலைத் தண்டு. வெள்ளிக்கிழமைதோறும் அவள் பார்த்துப் பழகிய முகங்கள் அவை.

கண்ணை எடுத்து மூலையைப் பார்த்தாள். உடைந்துதான் இருந்தது. மறுபடி குனிந்தாள். குரங்குகள் அப்படியே இருந்தன. மணியடிக்கப் போகிறது. பார்த்ததை எழுதினாள்.

தேர்வு முடிந்து எல்லாரும் தண்ணீர்க் குழாயடியில் கூடி விடைகளை ஒப்பிட்டார்கள். அடுத்தது வாய்மொழித் தேர்வு. பதிவேட்டு வரிசைப்படி ஒவ்வொருத்தியாக உள்ளே போய் வர வேண்டும். ஐந்தாவதுக்கு முப்பது பேரும் ஒரே விடை. குமிழி தன்னுடையதைச் சொன்னதும் சிரிப்பு பொங்கியது. மறுபடியும் காற்றைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள் என்றாள் ஒருத்தி. மூலை உடைந்ததைக் கண்ணால் கண்டுமா அப்படி எழுதினாய் என்று நெட்டை தலையில் அடித்துக்கொண்டாள். அகராதி மட்டும் சிரிக்காமல், தண்டின் குறுக்குவெட்டு புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எண் சொன்னாள்.

முப்பது பேர் ஒரு பக்கம் நின்றால், தன் கண் மேலேயே சந்தேகம் வரும். ஒருமுறை காற்றுக்குமிழியை உட்கரு என்று நினைத்த கண்தானே இது. அவள் முறை இருபத்து நான்காவது. அதுவரை சுவரோரம் நின்று, கண்ணை மூடி மூடி, அந்த முகங்களை மறுபடி மறுபடி வரவழைத்துப் பார்த்தாள். முன்னால் முடித்தவர்களில் ஒன்பது பேர் வீட்டுக்குக் கிளம்பிப் போனார்கள். அகராதியை அவள் அண்ணன் வந்து சைக்கிளில் கூட்டிப் போனான். மற்றவர்கள் தோழிகளுக்காகக் காத்துக் கிடந்தார்கள்.

உள்ளே போனபோது, அவள் தாளில் ஐந்தாவது விடைக்குக் குறுக்கே சிவப்புக் கோடு விழுந்திருந்தது. தேர்வாளர் தாளைத் தட்டினார். "மத்ததெல்லாம் நல்லா எழுதியிருக்கே. இதை மட்டும் ஏம்மா விட்டே? எல்லாரும் சரியா எழுதியிருக்காங்க."

ஆமாம் சார், கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். இரண்டு மதிப்பெண்தான். ஆனால் அந்த இரண்டும் சேர்ந்தால்தான் அவளுக்கு இடம்.

"சார், ஒரு தடவை நீங்க பாருங்க."

பக்கத்தில் நின்ற டீச்சரின் முகம் சுருங்கியது. தேர்வாளர் கையிலிருந்த விடைப்பட்டியலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எழுந்து போய்க் குனிந்தார். வட்டக் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பினார். நெடுநேரம் நிமிரவில்லை.

"டீச்சர், பட்டியல் நீங்க தயார் பண்ணதுதானே?"

டீச்சர் வந்து பார்த்தார். பிறகு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். போன வாரம் அலமாரிக்குப் பெயின்ட் அடித்தபோது ஸ்லைடு பெட்டி கீழே விழுந்தது, ஒன்று தூள் தூளாகிவிட்டது, பெட்டியில் மூலை உடைந்தது மிச்சம் இருந்ததால் நொறுங்கியது வேறொன்று என்று நினைத்துவிட்டேன் என்றார். அதாவது, முன்பே மூலை உடைந்திருந்த இருவித்திலை ஸ்லைடு நொறுங்கிக் குப்பைக்குப் போய்விட்டது. இது, விழுந்ததில் புதிதாக மூலை உடைந்த ஒருவித்திலை. பிள்ளைகளின் வாய்ப்பாட்டை டீச்சரும் மனப்பாடம் செய்திருந்தார்.

தேர்வாளர் நேர்மையான மனிதர், அதுதான் சிக்கலாயிற்று. குமிழியின் சிவப்புக் கோட்டைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். அப்புறம் மற்றத் தாள்களை முன்னால் இழுத்துப் பேனா மூடியைத் திறந்தார். மேலே இருந்த தாளின் கோணல் கையெழுத்தை அவள் தலைகீழாகவே அடையாளம் கண்டாள். நெட்டையுடையது.

"சார், அவங்களுக்கு வெட்டாதீங்க."

"நீ சொன்னதாலதானே பார்த்தேன்? உள்ள பார்க்காம எழுதினது தப்பா இல்லையா?"

"தப்புதான் சார். பார்க்க விடாதது அதைவிடத் தப்பு." அவளுக்கே தன் குரல் அந்நியமாகக் கேட்டது. "ரெண்டு வருஷத்துல ஆளுக்கு முக்கால் நிமிஷம் முக்கால் நிமிஷமா எத்தனை தடவை வந்திருக்கும்? மேகம் வந்தா அதுவும் இல்லை. நான் பார்த்ததே, படம் தப்பா வரைஞ்சதுக்கு ஸ்லைடு கழுவச் சொன்னாங்களே, அதனாலதான். அவங்க யாரும் தப்பு பண்ணலை, அதனால அவங்களுக்கு நுண்ணோக்கி கிடைக்கலை. பட்டியல் எழுதினவங்களும் மூலையைப் பார்த்துத்தான் எழுதியிருக்காங்க. அவங்களுக்கு யார் சார் மார்க்கை வெட்டுவாங்க?"

டீச்சர் அவளை அடிப்பார் என்றே அவள் எதிர்பார்த்தாள். டீச்சர் போய் ஜன்னல் கதவை முழுக்கத் திறந்துவிட்டார். வெயில் உள்ளே வந்தது.

தேர்வாளர் பேனாவை மூடினார். வெளியே இருப்பவர்களைக் கூப்பிடு என்றார். இன்னும் தாள் கட்டவில்லை, அதனால் தேர்வு முடியவில்லை. ஒருத்திக்கு மூன்று நிமிடம், பார்த்து எது என்று காரணத்தோடு சொன்னால் மதிப்பெண் உண்டு, பார்க்காமல் சொன்னால் கிடையாது.

இருபத்தொரு பேர் வரிசையில் நின்றார்கள். யாரும் யார் இடுப்பிலும் இடிக்கவில்லை. ஒவ்வொருத்தியாகக் குனிந்தார்கள், டீச்சர் பக்கத்தில் முழங்காலிட்டு, சாய்கிற வெயிலுக்கு ஏற்பக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிக் கொடுத்தார். ஒருத்தி மூச்சை உள்ளே இழுத்தாள். ஒருத்தி தன்னை அறியாமல் கையால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். நெட்டை தன் உயரத்துக்கு இரண்டாக மடிந்து குனிந்தவள், மூன்று நிமிடம் முடிந்தும் எழவில்லை.

"சொல்லும்மா" என்றார் தேர்வாளர்.

"இதுங்க வளையமா நிக்கலை சார். சந்தையில ஆளுங்க நிக்கற மாதிரி அங்கங்க நிக்குதுங்க. ஒருவித்திலை." பிறகு மெதுவாக, "இன்னும் கொஞ்சம் பார்த்துக்கட்டுமா?"

எழுத்துத் தேர்வையும் நெட்டை எப்படியோ எழுதி, கரையில் விரல் நுனி பட்டு ஏறினாள். குமிழிக்குப் பயிற்சி வகுப்பில் இடம் கிடைத்தது. அதெல்லாம் பிறகு.

வீட்டுக்குப் போன ஒன்பது பேருக்கு மட்டும் வழியில்லை. அன்று மாலையே தாள்கள் கட்டி முத்திரை வைக்கப்பட்டன. குமிழிக்கு இரவு தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் காலையில் முதல் ஆளாகத் தலைமை ஆசிரியையின் அறை வாசலில் போய் நின்றாள். பள்ளி செய்த தவறுக்கு ஒன்பது பேரைத் தண்டிப்பது நியாயமா என்று கேட்டாள். முத்திரை வைத்த பிறகு பேச்சில்லை, தேர்வு நேரத்தில் போய்ப் படிக்கிற வழியைப் பார் என்றார் அவர். இந்தப் பதிலை வாழ்நாளில் எத்தனையோ அறைவாசல்களில் அவள் கேட்டிருக்கிறாள். அன்றைக்குத்தான் முதல் தடவை.

திரும்பி வந்தால், பூட்டிய ஆய்வகத்தின் முன்னால் அகராதி நின்றுகொண்டிருந்தாள். சேதி அவளுக்கு எட்டியிருந்தது.

"உன்னாலதான் எனக்கு ரெண்டு மார்க் போச்சு" என்றாள்.

"தெரியும். கேட்டுப் பார்த்தேன். முடியாதுன்னுட்டாங்க."

அகராதி பூட்டைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். அழப் போகிறாள், அல்லது திட்டப் போகிறாள் என்று குமிழி தயாராக நின்றாள்.

"மார்க்கை விடு. அதுல என்னதான் இருந்துச்சு?"

குமிழி பையிலிருந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்து, படியில் உட்கார்ந்து ஒரு வட்டம் போட்டாள். அகராதி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வரையாதே. வரைஞ்சது என்கிட்ட நிறைய இருக்கு. நீ பார்த்ததைச் சொல்லு."

இரண்டு பேரும் பக்கத்து ஜன்னலுக்குப் போனார்கள். அழுக்குக் கண்ணாடி வழியாக, மேசை மேல் துணி போர்த்திய நுண்ணோக்கி தெரிந்தது. ஸ்லைடு பெட்டி அலமாரிக்குள் போயிருந்தது. குமிழி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதலில் எல்லாம் மங்கலாகச் சிவப்பாக இருக்கும், நுண்ணோக்கியின் திருகைக் கொஞ்சம் திருப்பினால் சட்டென்று ஓரம் கூர்மையாகும் என்று ஆரம்பித்தாள். அகராதி கம்பியில் நெற்றியை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கேட்டுக்கொண்டிருந்தாள்.